தென்றலுக்குப் பேசி வைத்தது

விருத்தாசலத்தில் கல்யாணம் நடத்தியவர்களில் பாதிப் பேர் கொளஞ்சியப்பனைப் பார்த்திருப்பார்கள். ஒருத்தருக்கும் முகம் ஞாபகம் இருக்காது. தாலி கட்டுகிற நேரத்தில் ஐயருக்கும் தாய்மாமனுக்கும் நடுவே புகுந்து ஒரு ஆள் நிற்பானே, "யப்பா வீடியோ, கொஞ்சம் குந்து, ஒண்ணும் தெரியல" என்று பின்னாலிருந்து பெரிசுகள் சத்தம் போடுமே, அந்த ஆள்தான். திட்டினால் திரும்பிப் பார்க்க மாட்டான். லேசாக முட்டியை மடக்கிக் கொடுப்பான், வேலையைப் பார்ப்பான். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். அந்தப் பதிலும் பாதி முழுங்கினதாகத்தான் இருக்கும்.

அவனுக்குச் சேர வேண்டிய பேச்சையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தவள் அவன் பெண்டாட்டி வேல்விழி. பீங்கான் பொம்மை ஷெட்டில் வேலை செய்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையை ஓரம் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, மூக்கையும் முழியையும் திருத்துகிற வேலை. பக்கத்துப் பலகையில் வர்ணம் பூசுகிற வளர்மதிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. காது கேட்காதவளிடம் காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் விடாமல் பேச வேல்விழியால்தான் முடியும். வளர்மதியும் லேசுப்பட்டவள் இல்லை, அவள் வாயையே பார்த்துப் பார்த்து ஒன்றுவிடாமல் புரிந்துகொள்வாள். யார் வீட்டு மாமியாரைப் பற்றிய சங்கதி என்பது வரைக்கும் தெரிந்துகொண்டு, பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

கொளஞ்சியப்பன் கேசட் காலத்திலேயே தொழிலுக்கு வந்தவன். தோளில் தூக்கி வைக்கிற கேமராவிலிருந்து எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாக வீடியோவுக்கென்றே செய்த மிர்ரர்லெஸ் கேமரா ஒன்றை வாங்கினான். உள்ளங்கையில் உட்கார்ந்துவிடும். கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டை கிடையாது, பின்னால் ஒரு சின்னத் திரை, அவ்வளவுதான். உள்ளே குட்டியாக ஒரு ஃபேன் வேறு, எத்தனை நேரம் ஓட்டினாலும் சூடேறி நிற்காது. எதிரே நிற்கிற ஆளின் கண்ணைப் பிடித்துவிட்டால், அவர் மண்டபம் முழுக்கச் சுற்றினாலும் விடாது. பதிவு ஓடுகிறது என்றால் திரையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கட்டம் வரும். பச்சைப்பிள்ளை மாதிரி அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தான்.

நம்ம ஜனங்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை. நல்லூரில் ஒரு பெண்வீட்டுக்காரர் மண்டப வாசலிலேயே நிறுத்தி, "ஏம்பா, பெரிய கேமரா எடுத்தாரலையா? இது என்னா புள்ளைங்க வெளாட்டு சாமான் மாதிரி இருக்குது" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து கொளஞ்சியப்பன் அந்தக் கேமராவுக்கு நாலு பக்கமும் கம்பி, கைப்பிடி, முன்னால் ஒரு கறுப்புப் பெட்டி எல்லாம் மாட்டி, பார்க்கிறவர்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு போனான். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது கல்யாண வீடியோவில் யாருக்கும் சத்தம் வேண்டாம். எல்லாருக்கும் ஸ்லோ மோஷன் வேண்டும், மேலே பாட்டு வேண்டும். பெண் படியிறங்கினால் ஸ்லோ, மாப்பிள்ளை வேட்டியை மடித்தால் ஸ்லோ, அட்சதை விழுந்தால் ஸ்லோ. அந்தக் கேமராவை ஸ்லோவில் போட்டுவிட்டால் சத்தமே பதியாது. மைக் மாட்டியிருந்தாலும் பதியாது, அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதில் இவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. மணிமுத்தாற்றங்கரையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நடக்கவிட்டு, "ஏதாச்சும் பேசிக்கிட்டே வாங்க, சத்தம் வராது, வாயி அசைஞ்சா போதும்" என்பான். அதுகள் வெட்கத்தில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே வரும். படத்தில் பார்த்தால் உலகத்துக் காதலெல்லாம் அந்த உதட்டில் இருக்கிற மாதிரி தெரியும்.

வேல்விழிக்கு இதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது என்று சொன்னார்கள். சின்ன வயசில் வந்த ஜுரத்தின் மிச்சமாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். "எனக்குப் பேச்சு ஜாஸ்தி, அதான் காத்து பத்தல" என்று அதையும் கேலி பண்ணிக்கொண்டு இருந்தாள். மகள் தென்றல் மூன்றாவது படிக்கும்போது, இனிமேல் தள்ளிப்போட முடியாது, வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நாளும் குறித்தார்கள். நிறையப் பேருக்குச் செய்கிற ஆபரேஷன்தான், தைரியமாக வாங்க என்றார் டாக்டர்.

கிளம்புவதற்கு முந்தின நாள்தான் இது நடந்தது. காலையில் அவன் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது வேல்விழி வந்து நின்றாள்.

"ஏங்க, ஊரான் வூட்டுப் பொண்ணுங்களையே எடுத்துக்கிட்டு இருக்கீங்களே. என்னையும் ஒருக்கா எடுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். அவள் முகம் அப்படி இல்லை.

"தென்றலுக்குக் கொஞ்சம் பேசி வச்சிட்டுப் போறேன். அவ பெரியவளானதும் போட்டுக் காட்டுங்க."

"போயிட்டு வந்து நீயே பேசேன்."

"வந்தா நானே பேசிக்கறேன். வரலன்னா?"

அவன் வாயில் நுரையோடு நின்றான். அவளே மேற்கொண்டு சொன்னாள். "ஒண்ணே ஒண்ணு. நீங்க கேக்கக் கூடாது. பேசும்போதும் கேக்கக் கூடாது, அப்பறமும் போட்டுக் கேக்கக் கூடாது. பொம்பளைங்களுக்குள்ள பேசிக்கறது. நீங்க இருந்தா எனக்கு வாயே வராது."

"சரி."

"சத்தியமா?"

"சரின்னேன்ல."

அன்றைக்குக் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கல்யாணம், முன்னாடியே ஒத்துக்கொண்டது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனுஷன். முகூர்த்தத்தை முடித்து, பந்தியில் உட்காராமல் பறந்து வந்தான். தென்றல் ஸ்கூலுக்குப் போயிருந்தாள். வேல்விழி தலைக்குக் குளித்து, அரக்குக் கலர் புடவை கட்டி, ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். பவுடர் கொஞ்சம் கூடுதல்.

ஊரில் எந்தப் பணக்காரன் வீட்டுப் பெண்ணுக்கும் அவன் அவ்வளவு பார்த்துச் செய்ததில்லை. ஜன்னல் வெளிச்சம் கடுமையாக இருக்கிறது என்று வெள்ளை வேட்டியை எடுத்து ஜன்னலுக்குக் குறுக்கே கட்டினான். பின்னால் கிடந்த கேஸ் சிலிண்டரை நகர்த்தினான். பையின் அடியில் என்றைக்கோ வாங்கிப் போட்டிருந்த குட்டி மைக்கைத் தேடியெடுத்து, அவள் புடவையில் குத்தி, அதன் விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். கேமராவை ஸ்டாண்டில் வைத்தான். கண்ணைக் கச்சிதமாகப் பிடித்தது. பட்டனை அழுத்தினான். திரையைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் வந்தது.

"ஓடுது, பேசு" என்றான்.

"நீங்க முதல்ல வெளிய போங்க."

அவன் வெளியே வந்ததும் அவள் எழுந்து வந்து கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். வாசலில் நின்றால் எங்கே காதில் விழுந்துவிடுமோ என்று பாலக்கரை வரைக்கும் நடந்துபோய் ஒரு டீ குடித்தான். ஒரு பெண்வீட்டுக்காரர் போன் பண்ணினார், அவரிடம் டிரோன் பற்றிப் பேசினான். திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. அவள் முகம் கழுவியிருந்தாள், கண் மட்டும் சிவந்திருந்தது.

"போயி அத நிறுத்துங்க, சும்மாவே ஓடிக்கிட்டு கெடக்குது" என்றாள்.

எதை எடுத்தாலும் அங்கேயே திருப்பி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொளஞ்சியப்பன் ஸ்டாண்டை மடக்குவான். அது அவன் தொழில் சுத்தம். அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை, கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தானே. அப்படியே கார்டைக் கழற்றி, கடையில் கொண்டுபோய் இரண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி போட்டு, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டுப் பீரோவில் புடவைக்கு அடியிலும் வைத்தான். ராத்திரி வேல்விழி மகளை மடியில் போட்டுக்கொண்டு, "உனக்கு அம்மா பேசி வச்சிருக்கேன்டி. நீ பெரியவளானதும் அப்பா காட்டும்" என்று சொன்னதையும் கேட்டான்.

ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது என்றார்கள். மயக்கம் தெளியவில்லை. அப்புறம் கிட்னி, அப்புறம் நுரையீரல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவள் கண்ணைத் திறக்கவேயில்லை. மணிமுத்தாற்றங்கரையில் கொண்டுவந்து எரித்தார்கள். சாவு வீட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டுமா என்று அதே தொழில்காரன் ஒருத்தன் கேட்டான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான் கொளஞ்சியப்பன்.

அதற்கப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. அப்பனும் பேச மாட்டான், பிள்ளைக்கும் பேச்சு குறைந்துபோனது. அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "அம்மா பேசினத எப்பப்பா காட்டுவீங்க? நான் நாலாவது வந்துட்டேன்."

"இன்னும் கொஞ்சம் பெரியவளாவு."

"எவ்ளோ பெரியவளா?"

அது அவனுக்குத் தெரியவில்லை. வேல்விழி அதைச் சொல்லாமல் போய்விட்டாள். ஆனால் அந்த ஒன்று பீரோவில் இருக்கிறது என்கிற தெம்பில்தான் அவன் காலையில் எழுந்து பிள்ளைக்குத் தலை பின்னினான், சொன்னால் நம்புங்கள். தனக்குப் பேசத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை அவள் சொல்லி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று இருந்தான்.

ஆடி மாசம், தொழில் இல்லாத நேரம். கடையில் இருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று படுத்துக்கொண்டது. அதில் யார் யாரோ வீட்டுக் கல்யாணம் போனது பற்றி அவனுக்குக் கவலை வரவில்லை, வீட்டுக்கு ஓடிவந்து பீரோவைத் திறந்தான். அவள் படம் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தான். வாக்குத் தவறக் கூடாது என்று லேப்டாப்பில் சத்தத்தை முழுசாக அணைத்துவிட்டுத்தான் போட்டான்.

படம் வந்தது. அவ்வளவு அழகாக இருந்தாள். வெளிச்சம் கன்னத்தில் பதமாக விழுந்திருந்தது, ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் கையைத் தூக்கி நெற்றி முடியை ஒதுக்கினாள். கை மெதுவாகப் போனது. உதடு மெதுவாகப் பிரிந்தது. கண் மெதுவாக மூடித் திறந்தது. அணைத்து வைத்த சத்தத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை. அவளை எடுத்த அன்றைக்குக் காலையில் கருவேப்பிலங்குறிச்சியில் அட்சதை விழுந்ததை எடுத்த ஸ்லோவிலேயே கேமரா இருந்திருக்கிறது. சத்தம் ஓடினால் திரையின் ஓரத்தில் பச்சைக் கோடு ஆடும், ஸ்லோவில் ஆடாது. சத்தமே தேவைப்படாத தொழிலில் அந்தக் கோட்டைப் பார்க்கிற பழக்கமே அவனுக்கு விட்டுப்போயிருந்தது. சிவப்புக் கட்டம் வந்ததா, வந்தது, போதும் என்று போய்விட்டான். அடப்பாவி மனுஷா, ஆயிரம் கல்யாணத்தை ஊமையாக எடுத்தது போதாதென்று இதையுமா. அன்று பூராவும் அவன் சாப்பிடவில்லை.

அவனிடம் எடிட்டிங் பார்க்கிற நந்தகுமாருக்கு மட்டும் சொன்னான். நந்தகுமார் கெட்டிக்காரன், நல்ல மனசுக்காரனும்கூட. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "அண்ணே, அக்கா வாய்ஸ் மெசேஜ் உங்க போன்ல இருக்குதில்ல? அத வச்சு அவங்க குரலையே செஞ்சிடலாம். என்னா பேசணும்னு மட்டும் சொல்லுங்க, வாயசைவுக்கே ஒட்டிடலாம். பாப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

வாய்ஸ் மெசேஜுக்குப் பஞ்சமில்லை. 'ஏங்க, வரும்போது அரை லிட்டர் பால் வாங்கியாங்க.' 'எங்க இருக்கீங்க, போன எடுத்தா என்னா?' 'பெண்ணாடத்துலருந்து எங்க அண்ணன் வந்திருக்குது, கறி வாங்கணும்.' எல்லாம் அவளுடைய அதே வெண்கலக் குரல். அதைக் கேட்டுக்கொண்டே, அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தான். நல்லாப் படிக்கணும். அப்பா பேச்சைக் கேட்கணும். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இது ஆண்டு விழாவில் ஹெட்மாஸ்டர் பேசுகிற பேச்சு. இதற்காகவா அவள் தாழ்ப்பாள் போட்டாள்? ஒரு தாய் தன் மகளிடம் ரகசியமாக என்ன சொல்லுவாள் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. அது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"வேணாம்பா. நான் பேசறத அவ வாயில வைக்கக் கூடாது" என்றான்.

அப்புறம்தான் வளர்மதி நினைவுக்கு வந்தாள். படத்தைச் சாதாரண வேகத்துக்குக் கொண்டுவந்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்குப் போனான். வேல்விழி உட்கார்ந்த பலகையில் இப்போது வேறு ஒருத்தி இருந்தாள். வளர்மதிக்கு எழுதிக் காட்டி விஷயத்தைச் சொன்னான். அவள் கையிலிருந்த வர்ணத்தைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தாள். வேல்விழியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது, பாவம், இருக்கிறவளைப் பார்த்த மாதிரி.

பார்த்துப் பார்த்துப் போனில் தட்டிக் காட்டினாள். 'தென்றலு, அம்மா பேசறேன்.' சரி. 'அப்பா வெளிய போயிருக்குது.' சரி. 'ஒரு நாளு வயிறு வலிக்கும். பாவாடையில ரத்தம் படும். பயப்படாத. எனக்கு யாரும் சொல்லல, செத்துப்போயிடுவேன்னு நெனச்சு வைக்கப்போர்ல ஒளிஞ்சிக்கிட்டேன்.' கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். வளர்மதி மேலே தட்டினாள். 'அப்பாகிட்ட சொல்ல வெக்கமா இருந்தா...' சட்டென்று நிறுத்தி, திரும்பவும் அந்த இடத்தையே போடச் சொன்னாள். போட்டான். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள். 'வளர்மதி அத்தகிட்ட போ' என்று வேல்விழி சொல்லியிருந்தாள்.

வளர்மதியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆனாலும் பார்ப்பதை விடவில்லை. அதற்கு மேல்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. நம்ம பெண்களுக்கு வெட்கம் வந்தாலும் அழுகை வந்தாலும் முந்தானை வாய்க்குப் போய்விடும், வேல்விழிக்கும் போய்விட்டது. வளர்மதியிடம் பேசும்போது மறந்தும் வாயை மறைக்காதவள், கேமராவுக்கு முன்னால் யாராவது தன் உதட்டைப் பார்க்க வேண்டி வரும் என்று கண்டாளா? துணிக்கு அடியில் அவள் வாய் அசைவது தெரிந்தது. ரொம்ப நேரம் அசைந்தது. முக்கியமானதெல்லாம் அங்கேதான் சொல்லியிருக்கிறாள், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. வளர்மதி திரையை ஒட்டி முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் விரித்துவிட்டாள்.

அன்று சாயந்திரம் தென்றல் ஸ்கூல் விட்டு வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான். நாள் தள்ளினால் தைரியம் போய்விடும் என்று பயம்.

"அம்மா பேசினதுல சத்தம் பதியல தென்றலு. அம்மா மேல தப்பு இல்ல. அப்பா தப்பா வச்சிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "போடுங்க" என்றாள். அந்த ரத்தம், வயிற்று வலி விஷயத்தையெல்லாம் நேரம் வரும்போது வளர்மதி சொல்லிக்கொள்வாள் என்று விட்டுவிட்டு, படத்தைப் போட்டான். தென்றல் அசையாமல் பார்த்தாள். தன் பேர் வருகிற இடத்தில் அவளும் தன் உதட்டை அதேமாதிரி அசைத்துப் பார்த்தாள். முந்தானை மேலே போனதும் சற்று நேரம் காத்திருந்தாள், அது இறங்கும் என்று. இறங்கவில்லை. வேல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, படத்தைவிட்டுப் போனாள். வெறும் நாற்காலி ஓடியது.

"இப்ப நீங்க எங்கப்பா இருக்கீங்க?"

"டீக்கடையில."

"ஏன் போனீங்க?"

"அம்மா கேக்கக் கூடாதுன்னுச்சு."

தென்றல் வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம்கூட இல்லை, பெரிய மனுஷி மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"அம்மா சும்மா சொல்லியிருக்கும்பா. கதவாண்டயே நின்னிருக்கலாம்."

அவன் எட்டிப் படத்தை நிறுத்தினான். பிள்ளை எழுந்துபோய் யூனிபார்மை மாற்றிக்கொண்டு வந்து, வீட்டுப்பாடத்தை எடுத்து வைத்தாள்.